மறுவீட்டுக்கு ஊற்றிய கூழ்

என் அத்தையின் மண்சட்டிகள் ஐந்தும் வரிசையாக இருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு அகலம். எல்லாவற்றிலும் முந்தின நாள் வைத்த கானாங்கெளுத்திக் குழம்பு. மீன் குழம்பை வைத்த அன்றே சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். புளியும் மிளகாயும் மீனுக்குள் இறங்க ஒரு நாள் வேண்டாமா? என் பேத்தி குழம்பு ஆறுவதற்குள் அதை ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறாள். சொன்னால் சிரிக்கிறாள். சரி, அது கிடக்கட்டும்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. துறைமுக வாசலில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கூழ் விற்றவள். இன்று மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பாள், நாளைக்குக் காய்ச்சுவாள், அதற்கு மறுநாள் மோர் விட்டுக் கரைப்பாள். அவள் வீட்டில் எப்போது போனாலும் நூறு பேருக்கான சாப்பாடு ஏதோ ஒரு பானையில் புளித்துக்கொண்டிருக்கும்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது அரிசிக்கு ரேஷன். விருந்தில் இத்தனை பேருக்கு மேல் அரிசிச் சோறு போடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓடத்தில் ஒளித்துக் கொண்டுவந்த அரிசியைப் பொங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பந்தி போடுவார்கள். திருவொற்றியூரில் மாப்பிள்ளை வீட்டிலும் அப்படித்தான் என் கல்யாணச் சாப்பாடு நடந்தது. பாதிப் பந்தியில் கதவு தட்டுகிற சத்தம். "ரேஷன்காரன்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், சோற்றோடு இலைகளைச் சுருட்டினார்கள், ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கடைசியில் வந்தது மோர்க்காரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினாறு வயதுக்காரி, நானும்தான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"என் தம்பி, பொண்ணக் குட்த்தவன், ரசம் ஒழுவுற கையோட மாட்டுக் கொட்டாய்ல ஒளிஞ்சிகினு நிக்கிறான். அப்டி இன்னா திருடிட்டான்? பசிக்குதுன்னு குந்தினான், அவ்ளோதான்."

மூன்றாம் நாள், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. நானும் என் வீட்டுக்காரரும் முந்தின நாளே வந்துவிட்டோம். அம்மா அரிசிக்கு ஆள் அனுப்பப் பார்த்தாள். அத்தை வாசலை மறித்து நின்றாள்.

"வேணாம். நம்ம வூட்டுக்கு வந்தவன் கதவச் சாத்திகினு துன்னக்கூடாது. தெருவுல குந்தி, நாலு பேர் பாக்கத் துன்னணும். நான் கூழ் ஊத்துறேன்."

அம்மா அழுதுவிட்டாள். மறுவீட்டுக்கு யாராவது கூழ் ஊற்றுவார்களா? சம்பந்திகள் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டால், ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்கப்போவது நான்தான். அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கூழில் வழக்கமாகப் போடுகிற அரிசி நொய்யைக்கூடப் போடாமல் சோளத்தை உடைத்துப் போட்டாள். முதல் நாளே குழம்பைக் கூட்டினாள். புளி கெட்டியாக, மாங்காய்த் துண்டு தாராளமாக. கரண்டி போட்டால் மீன் உடையும் என்று, அவளும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் துணியால் பிடித்துச் சட்டியைக் குலுக்கினார்கள். அம்மா அழுதுகொண்டே குலுக்கினாள். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெட்டுப்போகும் என்பதால் வாயில் மெல்லிய துணியைத்தான் கட்டி வைத்தார்கள்.

மறுநாள் தெருவில் பாய் விரித்தோம். எங்கள் ஜனம் முதலிலேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கிவிட்டது. மாமியார் வந்தார், பானையைப் பார்த்தார், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னா சம்பந்தி, இது ஆடி மாசமா? கூழு ஊத்தறீங்கோ?"

"ஆடின்னா பொண்ணையும் மாப்பிள்ளையையும் பிரிச்சி வெப்பாங்கோ சம்பந்தி. நான் ஒண்ணாக் குந்த வெச்சிகீறேன், பாக்கல?"

அத்தை சொன்னதற்குத் தெருவே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான். ஆனால் மாமியார் முகம் சிவந்துவிட்டது.

"மறுவூட்ல கூழு குட்ச்சோம்னு ஊர்ல போய்ச் சொல்லவா? எவனும் குந்தாதீங்கடா, கெளம்புங்க!"

அவர்கள் திரும்பவும், தெருமுனையில் சைக்கிள் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. காக்கி உடுப்பு. இந்தத் தடவை மோர்க்காரி இல்லை, நிஜமாகவே ரேஷன்காரர். மாப்பிள்ளை வீட்டார் பழக்க தோஷத்தில் தபதபவென்று எங்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். மாமியார்தான் கதவைச் சாத்தினார். எங்கள் ஜனத்தில் ஒருத்தர்கூட அசையவில்லை. அப்பா அந்தக் காக்கி உடுப்பைப் பார்த்துக்கொண்டே மீன் முள்ளை நிதானமாக உறிஞ்சினார்.

வந்தவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "அரிசி எங்கம்மா?"

"ரேஷன் கடையில கீதான்னு நீதான் சொல்லணும் சாரு. நாங்களும் அதத்தான் தேடிகினு கீறோம்."

அவர் கரண்டியை விட்டுக் கிளறினார். கேழ்வரகும் சோளமும்தான் வந்தது. பாயில் இருந்த தலைகளை எண்ணிப் பார்த்தார், எண்ணி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார், பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கதவு ஒரு சாண் திறந்தது. "போய்ட்டானா?" மாமியாரின் குரல்.

"போனா இன்னா, இருந்தா இன்னா? இங்க யாரும் ஓட வேணாம் சம்பந்தி."

மாமியார் வெளியே வந்தார். புடவையைச் சரிசெய்தார். உட்கார்ந்திருந்த எங்கள் ஜனத்தை ஒரு முறை பார்த்தார், சட்டிகளை ஒரு முறை பார்த்தார். துணியை அவிழ்த்திருந்ததால் வாசனை தெருவையே தூக்கிக்கொண்டிருந்தது.

"மாங்கா போட்டுகீறியா? கொஞ்சம் அந்தப் பக்கமா மொண்டு ஊத்து" என்று நின்றபடியே கிண்ணத்தை நீட்டினார்.

அத்தை கரண்டியைத் தூக்கவில்லை.

"குந்திகினு கேளு."

நடுத்தெருவில், உச்சி வெயிலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, என் மாமியார் காலை மடக்கி உட்கார்ந்தார்.