ஏணி கேட்டவனுக்குக் காது கொடுத்த சார்

இன்று நடந்ததைச் சங்கப் பலகையில் ஒட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நம் ஆலைக்கு வந்திருக்கும் புதுத் தொழிலாளர் நல அதிகாரி சீமையில் மனோதத்துவம் படித்தவர். யாருக்கும் புத்தி சொல்லக் கூடாதாம். மனதில் இருப்பதைக் கேட்டு, அதையே திருப்பிச் சொன்னால் மனிதன் தானே வழி கண்டுகொள்வானாம்.

போன வாரம் கிடங்கு மாணிக்கம், ஏணி ஆடுகிறது என்று புகார் சொல்லப் போனான்.

"ஏணியை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது," என்றார் சார்.

இவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த துரை அவனை ஒரு வாக்கியம்கூட முடிக்க விட்டதில்லை. மாணிக்கம் ஒரு மணி நேரம் பேசினான், அழுதான். "மன்சு லேசாயிடுச்சு மாமு," என்று வெளியே வந்தான். அன்று முதல் அவன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

ஏணி அப்படியே இருந்தது.

இன்று காலை, பழைய காகிதக் கட்டு ஒன்றை எடுக்க சாரே கிடங்குப் பரணில் ஏறினார். அவர் பரண்மேல் கால் வைத்ததும் ஏணி இரண்டாக முறிந்து கீழே விழுந்தது.

"மாணிக்கம், வேற ஏணி கொண்டா!"

மாணிக்கம் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "வேற ஏணி இல்லியேன்னு உங்களுக்குப் பேஜாராக்கீது. அப்டித்தானே சார்?"

"சீக்கிரம்யா!"

"பயமாவும் கீது."

அவன் குரலில் சத்தியமாகக் கிண்டல் இல்லை. கால் மணி நேரத்தில் சார் தன் மாமனாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நாங்கள் மூட்டைகளை அடுக்கி அவரைக் கீழே இறக்கியபோது அவர் முகம் தெளிந்திருந்தது. நேராகப் போய்ப் புது ஏணிக்குக் கையெழுத்துப் போட்டார்.

இந்த வைத்தியம் நல்லதா, கெட்டதா? கீழே பென்சிலால் எழுதுங்கள். முழுக்கப் படித்துத் தலையாட்டுவேன். அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.