ஓரகத்திக்கு எடுத்த படம்

எம்.ஆர்.ஐ. அறையே கதி என்று கிடந்து, அந்தக் காந்த மெஷினில் படம் எடுத்தே தலை நரைத்தவள் அவள். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் காந்தக்கா. அன்று மெஷினில் படுக்க வந்தது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கர்ப்பப்பை வாயில் கட்டி. புற்றுநோய்தான் என்று சதையை எடுத்துச் சோதித்ததிலேயே தெரிந்துவிட்டது. அது உள்ளேயே நிற்கிறதா, சுவரைத் தாண்டிப் பரவிவிட்டதா என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். உள்ளேயே நின்றால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். தாண்டியிருந்தால் கத்தி வைக்க வழியில்லை, கதிர் சிகிச்சைதான்.

காந்தக்காவுக்கோ வயிறு எரிந்தது. வெளியே குடும்பமே திரண்டு நின்றது. மூட்டுவலி மாமியார் மாடியேறி வந்திருந்தாள். காந்தக்காவின் புருஷன்கூட லீவு போட்டிருந்தான். இவளுக்குப் பித்தப்பையை எடுத்தபோது சாவகாசமாகச் சாயங்காலம் வந்து, "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியிலேயே குறட்டை விட்ட மனுஷன் அவன். வீட்டில் எப்போதும் சின்னவளைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். இப்போது நோயிலும் அவளுக்கே ராஜ உபசாரம். புற்றுநோய்க்காரியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? இவள் பட்டாள்.

"அக்கா, பயமா இருக்கு. பக்கத்துலயே இருப்பீங்கல்ல?" என்றாள் சின்னவள்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன். அசையாம படு," என்றாள் காந்தக்கா வெடுக்கென்று.

கடனே என்று எடுத்தாள். படத்தில் ஒரு பக்க ஓரம் கலங்கலாக, கட்டி வெளியே கசிந்ததுபோல் தெரிந்தது. 'ராணி மாதிரி ஆடினியே, இப்ப என்ன பண்ணுவே?' என்று மனசின் ஏதோ ஒரு மூலை கேட்டது. கேட்ட மறுநொடி அவளுக்கே தன்மேல் அருவருப்பாகிவிட்டது.

முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். செய்த கோளாறு அப்போதுதான் புரிந்தது. கர்ப்பப்பை வாய் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு விதமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்குச் சரியாகக் குறுக்கே படம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல சுவரும் உடைந்ததுபோல் காட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைத் திட்டித் திட்டி இதைச் சொல்லித் தருகிறவளே இவள்தான். மனசெல்லாம் வராந்தாவில் கிடந்ததில், மெஷின் போட்ட நேர்கோட்டை அப்படியே விட்டுவிட்டாள்.

மைக்கை அழுத்தினாள். "இன்னொரு தடவ எடுக்கணும்டி. என் தப்புதான். கொஞ்சம் பொறுத்துக்கோ."

"எடுங்கக்கா. நீங்கதான் இருக்கீங்கல்ல."

கோட்டைச் சாய்த்துப் பொருத்தி மறுபடி எடுத்தாள். கட்டியைச் சுற்றிச் சுவரின் கறுப்பு வளையம், எந்த இடத்திலும் அறுபடாமல் முழுசாக இருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். "உள்ளேயேதான் நிக்குது. ஆபரேஷன் பண்ணிடலாம்," என்றார். காந்தக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் மாமியார் சின்னவளைக் கட்டிக்கொண்டாள். காந்தக்காவின் புருஷன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சின்னவளிடம் நீட்டினான். படம் எடுத்தவள் ஒருத்தி நிற்கிறாளே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு பழையபடி எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள். இன்னும் எத்தனையோ வருஷம் சின்னவளைப் பார்த்துப் பொறாமைப்படலாம் என்று நினைத்தபோது அவளுக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது.