சிவப்பு டேக்

நான் செய்த முட்டாள்தனங்களைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைப்பது எனக்குக் கைவந்த கலை. கன்னடம் தெரியும் என்று வீட்டு ஓனர் அம்மாவிடம் பீற்றிக்கொண்டு, அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ‘ஹௌது’ போட்டு, அதன் பலனாக ஒரு வாரம் அவர்கள் வீட்டுச் சாணி அள்ளியதுவரை எல்லாம் சொல்லியாகிவிட்டது. இதை மட்டும் சொன்னதில்லை. ஏனென்றால் இதில் சாணி அள்ளியது நான் இல்லை.

இரண்டாயிரங்களின் ஆரம்பம். எனக்குப் பதினோரு வயது. கன்னட எல்லையோரம் மத்திகிரியில் ஒரு ரூமும் சமையற்கட்டுமாக வாடகைக்கு இருந்தோம். அப்பா சாமல்பட்டியிலிருந்து வந்து, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சட்டை, ஒரு சைக்கிள், மூன்று வேளைச் சோறு. இதற்கு மேல் ஆசைப்படுகிறவனைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வராது, பாவமாக இருக்கும்.

அந்த டிசம்பரில் கம்பெனியில் வேண்டாத பொருளைக் கழித்துக்கட்டப் பயிற்சி கொடுத்தார்கள். நூல் கோத்த சிவப்பு டேக். வருஷக்கணக்கில் யாரும் தொடாத பொருளில் அதைக் கட்டிவிட வேண்டும். ஏழு நாள் தொங்கும். வேண்டுமென்கிறவர் அவிழ்த்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் அவிழ்க்காவிட்டால் பொருள் வெளியே. கட்டியது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது, கேட்டால் சண்டை வருமாம். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மீந்துபோன டேக்குகளை ஒரு கத்தையாக வீட்டுக்கே கொண்டுவந்தார்.

“புது வருசத்துக்குள்ள வீடு லேசாயிடணும். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குங்க.”

“இருக்கறதே நாலு சாமான். இதுல எதைங்க கட்டறது?” என்றாள் அம்மா.

அப்பா தன் கல்யாணக் கோட்டில் கட்டினார். யாரும் அவிழ்க்கவில்லை. என் கிரிக்கெட் மட்டையில் கட்டினார். அடுத்த நிமிஷமே அவிழ்த்தேன். பதிலுக்கு நான், நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கால் கட்டைவிரலில் ஒன்றைக் கட்டினேன். அம்மா பதறிப்போய் அவிழ்த்தாள். என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் சமையற்கட்டுக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கும் ஒரு புது வருஷத் திட்டம் இருந்தது. விஞ்ஞானி ஆவது. விஞ்ஞானிக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். தேய்ந்த பேரிங் இரண்டு, ஒரு காந்தத் துண்டு, செத்த பேட்டரி ஐந்து என்று சாமான்கள் தயார். இடம்தான் இல்லை. சுவரலமாரியின் கீழ்த்தட்டை ஓர் அட்டைப்பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

அதில் இருந்தவை அம்மாவின் புத்தகங்கள். கல்யாணத்துக்குப் பிறகு தபால் மூலம் பி.ஏ. சேர்ந்து, இரண்டு வருஷம் முடித்து, மூன்றாவது வருஷம் நான் பிறந்ததால் நிறுத்தியிருந்தாள். அந்தத் தீபாவளிக்குப் பின் மூன்றாம் வருஷத்துக்கான விண்ணப்பத்தை வரவழைத்துப் பெட்டியில் மேலாக வைத்திருந்தாள். “ஜனவரியில அனுப்பிரலாங்களா?” என்று அப்பாவிடம் கேட்டாள். “பாக்கலாம்” என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத வயசு என்று தப்பிக்க எனக்கு வழியே கிடையாது.

அப்பாவைப் போலவே இங்கிலீஷ் பெரிய எழுத்தில் ‘நாட் இன் யூஸ்’ என்று டேக்கில் எழுதி, பெட்டியைச் சுற்றியிருந்த கயிற்றில் கட்டினேன்.

அம்மா பார்த்தாள். அப்பாவும் பார்த்தார், கொஞ்ச நேரம் நின்றார், சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். தினமும் வீடு துடைக்கும்போது அம்மா அந்த டேக்கை ஈரம் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, பெட்டியைத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் தொங்கவிட்டாள். நான் வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் குனிந்துகொண்டு, அவள் அவிழ்த்துவிடக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் நான் மனசார வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

ஏழாம் நாள் காலை அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். தெருவில் பழைய பேப்பர்காரர் மூன்று பாஷையில் கூவிக்கொண்டு வந்தார்: “பழைய பேப்பர், ஹளே பேப்பர், பாத்த பேப்பர்.” இரண்டாவது கன்னடம், மூன்றாவது தெலுங்கு, மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். ‘பாத்த’ என்றால் பார்த்து முடித்த பேப்பர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒரு நோட்டை எடுத்து, நின்றபடியே ஒரு பக்கம் படித்தாள்.

“எழுத்து அச்சு மாதிரி கீதே, அக்கா. இதெல்லாம் வேணாமா?” என்றார் அவர்.

“தராசுல வைங்கண்ணா.”

ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கு கொடுத்துவிட்டுப் போனார். அம்மா உள்ளே வந்து காலியான தட்டைத் துடைத்தாள்.

“எடம் பத்துமாடா?”

“பத்தும்மா. மேல்தட்டும் குடுத்தா நல்லாருக்கும்.”

அதையும் ஒழித்துக் கொடுத்தாள்.

ஆய்வுக்கூடம் பொங்கல்வரை நடந்தது. செத்த பேட்டரியை வெயிலில் காயவைத்தாலும் செத்ததுதான் என்பது கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு பட்டத்துக்கு மாஞ்சா போடப் போய்விட்டேன்.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். “உங்கம்மாவை அந்த ஜனவரியில நானே கூட்டிட்டுப் போயி மூணாம் வருசத்துக்குச் சேத்துவிடலாம்னுதான் இருந்தேன். அவளே வேணாம்னு டேக் கட்டிட்டா. நான் என்ன சொல்றது?”

அப்பாவின் எழுத்தைக் காப்பியடித்ததை நான் மாட்டிக்கொள்ளாமலிருக்கும் சாமர்த்தியம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். ‘பாக்கலாம்’ என்று நிறுத்தியவர் கடைசியில் சொன்ன பதில் இது என்று அம்மா அதை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது அந்தப் பதினோரு வயது விஞ்ஞானியின் மூளைக்கு எட்டவில்லை. என்னவாக ஆகப்போகிறோம் என்ற திட்டம் அந்த வீட்டில் என் ஒருவனுக்குத்தான் உண்டு என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுந்து உள்ளே போனேன், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேராகச் சொல்லத் தைரியமில்லாமல், வழக்கம்போல அப்பாவின் கட்டைவிரலில் ஆரம்பித்து வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் எனக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

“ம்மா, ஒன் பெட்டியில டேக் கட்டுனது அப்பா இல்லை. நான்தான்.”

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவுக்கறதுக்கு எனக்குக் கை இல்லாமயா இருந்துச்சு.”