ஆண்டி ஊடு வந்து சேர்ற கதை

எங்க அண்ணன் பொண்டாட்டி சாரதாமணிக்கு, நாங்க ரெண்டு பேரும் வேலை செய்யற கோழிப்பண்ணையில ஒரு பட்டப்பேரு இருக்குது, ஹெட்செட்டு அக்கான்னு. நான் நங்கைன்னு கூப்பிடுவேன், எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடறது. தலைத்துண்டுக்குள்ள ஒயரு ஒளிஞ்சிருக்கும். கை பாட்டுக்கு முட்டையை எடுத்து அட்டையில அடுக்கும், காது எங்கியோ மலைக்கும் காட்டுக்கும் போயிருக்கும். நாலு தடவை கத்துனாத்தான் திரும்பிப் பாக்கும். எனக்கு வர்ற கோவத்துக்கு அந்த ஒயரைப் புடுங்கி என்னைக்கோ கோழிக்குத் தீவனமாப் போட்டிருப்பேன். அண்ணன் பொண்டாட்டியாப் போச்சேன்னு கம்முனு இருந்தேன்.

அது கேக்கற கதைக்குப் பேரு ஏழு கணவாய். போன்ல ஒரு ஆப்புல வரும். மலைக்கோயில்ல இருந்த முருகனோட வேலாயுதத்தை யாரோ திருடிட்டுப் போயிர்றாங்க. ஆண்டின்னு ஒருத்தன் பொண்டாட்டியை ஊட்டுல உட்டுட்டு அதைத் தேடிக் கெளம்பறான். மீட்டும் போடறான், ஆனா ஏழு கணவாயைத் தாண்டி ஊருக்குக் கொண்டாந்து சேர்க்கணுமே. கணவாய்க்கு ஒரு பாகம், பாகத்துக்கு எக்கச்சக்க எபிசோடு. புலி வரும், கொள்ளைக்காரன் வருவான், மந்திரவாதி வருவான். அத்தனைக்கும் ஆண்டிகிட்ட இருக்கறது 'முருகா'ங்கற ஒரே வார்த்தைதான்.

இந்தக் கிறுக்கை ஆரம்பிச்சு வெச்சது எங்க அண்ணன் தனபால். அவரு ஆழ்துளைக் கெணறு தோண்டற ரிக் வண்டியில டிரில்லரு. கல்யாணமான நாள்ல இருந்து சத்தீஸ்கரு, ஒரிசான்னு போர் போட்டுட்டே சுத்துவாரு. மழைக்காலத்துல வண்டி திருச்செங்கோடு திரும்பறப்பத்தான் அவரும் திரும்புவாரு. அந்த ரெண்டு மூணு மாசந்தான் நங்கைக்குக் குடும்பம். அப்புறம் மொதலாளி வண்டியைக் கப்பல்ல ஏத்தித் தான்சானியாவுக்கு அனுப்புனாரு. ரெண்டு வருசம், நடுவுல வர முடியாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. இருந்த மழைக்காலமும் போச்சு. மக இனியாவை ஆத்தூர்ல கட்டிக் குடுத்தாச்சு. ஊட்டுல நங்கை ஒத்தையில.

போன்ல என்ன பேசுவாங்கன்னு நெனைக்கறீங்க? சாப்டீங்களான்னு நங்கை கேக்கும், சாப்டேன் நீயும்பாரு அண்ணன், அவ்வளவுதான், வெச்சிருவாங்க. சேர்ந்து இருந்து பழகுனாத்தானுங்களே பேச்சு வரும்? மழைக்காலம் அவங்களைப் பேசப் பழக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிரும். அப்படி இருந்தவரு, ரிக் கேபின்ல யாரோ போட்டுக் கேட்ட இந்தக் கதையை நங்கைக்கும் அனுப்பி வெச்சாரு. தெனம் ஒரு எபிசோடு, ரெண்டு பேரும் ஒரே எபிசோடு கேக்கறதுன்னு பேச்சு. சாயங்காலம் பொழுதோட போன் வந்தா ஆண்டி பேச்சுத்தான். அவன் அந்த வழிப்போக்கனை நம்பியிருக்கக் கூடாதும்பாங்க, பாவம் அவனுக்கு வேற வழி ஏதும்பாங்க. என்னமோ ஊட்டு மருமகனைப் பத்திப் பேசற மாதிரி! நங்கை சிரிக்கும். அந்தச் சிரிப்பை அதுக்கு முன்ன நான் கேட்டதே இல்லீங்க.

ஆனா இதுல ஒரு வம்பு இருந்துச்சு. ஒவ்வொரு எபிசோடும் ஆண்டி சாகப் போற எடத்துலதான் முடியும். அடுத்ததைக் கேக்க வெக்கறதுக்குன்னே அப்படிச் செய்யறாங்க. நங்கை அதுக்கு ஒத்துக்காது. எங்க பக்கம் கோயில்ல உடுக்கையடிச்சுக் கதை பாடறவங்க, ஆளு வெட்டுப்பட்டு உழுந்த எடத்துல பாட்டை நிறுத்த மாட்டாங்க. தண்ணி தெளிச்சு எழுப்பி உக்கார வெச்சுட்டுத்தான் உடுக்கையைக் கீழ வெப்பாங்க. உழுந்தவனை அப்படியே உட்டுட்டுப் போனா, கேட்டவங்க ஊட்டுக்கு ஆகாதுங்கறது நம்பிக்கை. அதனால நங்கை அடுத்த எபிசோடுல ஆண்டி தப்பிச்சு மூச்சு விடற வரைக்கும் கேட்டுட்டுத்தான் நிறுத்தும். சூப்பர்வைசர் கத்துனாலும் சரி, முட்டை லாரி காத்துக்கிட்டு நின்னாலும் சரி. அண்ணனுக்கும் அதே சட்டந்தான், பாதியில நிறுத்தீட்டு மெஷின்மேல ஏறக் கூடாது. அது கம்பெனிக்காரன் எழுதுன கதை நங்கை, சாமி கதையான்னு கேட்டேன். முருகா முருகான்னு கூப்பிடறானல்ல, அப்புறம் அது யாரு கதைன்னு திருப்பிக் கேட்டுச்சு.

ஆறாவது கணவாய்க் கடைசியில ஆண்டி ஒரு பாழுங்கெணத்துல உழுந்துட்டான். மேல கல்லை உருட்டி மூடறாங்க. ஒரே இருட்டு. முருகான்னு ஒரு குரல், அதோட முடிஞ்சுது. ஏழாவது பாகம் விரைவில்னு போட்டிருந்தாங்க. மாசம் மாசமாப் போச்சு, வரவே இல்ல. கடைசியில நங்கை என்னையப் புடிச்சு அந்த ஆப்புக்காரங்களுக்குப் போன் போட வெச்சுது. கேக்கறவங்க பத்தல மேடம், அந்தக் கதையை நிறுத்தீட்டோம்னு ஒரு புள்ளை பதமாச் சொல்லுச்சு. பக்கத்துல நின்ன நங்கைக்கு மொகமே செத்துப் போச்சு.

"அப்ப அவன் கெணத்துக்குள்ளயே கெடக்கட்டுமா அம்மிணி?"ன்னு என்கிட்டக் கேட்டுச்சு.

அன்னையில இருந்து அதுக்குச் சோறு எறங்கல. மொதல்ல நான் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா எனக்கே சங்கடமாப் போச்சு. பூமியைத் தொளைக்கற பொழப்புல புருசனைக் கண்காணாத தேசத்துல வெச்சிருக்குது. இருந்த ஒரு பேச்சும் போயி, போன் திரும்பவும் சாப்டீங்களாவுல வந்து நின்னுருச்சு. பயம் பாதி, அந்தப் பேச்சுக்கு ஏங்குனது பாதி. யாருக்குத்தான் சோறு எறங்கும்?

மாசி நோம்பிக்கு உடுக்கையடிக்க வந்த ராசு பூசாரிகிட்ட நங்கை போய் நின்னுச்சு. பாடறவங்க பாதியில போயிட்டா உழுந்தவனை யாருங்க எழுப்பறதுன்னு கேட்டுச்சு. அவரு வெத்தலையைக் கொதப்பிக்கிட்டே, கதையை மனசுல வெச்சிருக்கறவங்க யாரு வேணா எழுப்பலாம் சாமின்னுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டாரு.

மறுநாள் மத்தியானச் சோத்து நேரத்துல, தீவன மூட்டை மேல உக்காந்துக்கிட்டு, போனை வாய்க்கிட்ட வெச்சு நங்கை வாய்ஸ் மெசேஜ் பேச ஆரம்பிச்சுது. ஆண்டி கெணத்துக்குள்ள கண்ணைத் தொறக்கறான். கையை ஊனுனா அடியில ஈரம் தட்டுப்படுது. ஈரம் இருந்தா ஊத்து இருக்கும்னு அவனுக்குத் தெரியும். முருகான்னு வேலாயுதத்தால ஒரே குத்து. தண்ணி பீறிட்டுக் கெளம்பி, மேல மூடுன கல்லையும் தள்ளிக்கிட்டு அவனையும் தூக்கிக்கிட்டு வருது. போர் போடறவன் பொண்டாட்டிக்கு வேற எப்படித் தோணும்! அட சாமி, இத்தனை நாளும் இதெல்லாம் உள்ளுக்குள்ளயே கெடந்துச்சான்னு நான் வாயைப் பொளந்துட்டு நின்னேன். பொழுதோட அண்ணன் போன் பண்ணி, சாப்டியான்னுகூடக் கேக்கல. எடுத்த எடுப்புல, அப்புறம் என்னாச்சுன்னு கேட்டாராம்.

அதுல இருந்து தெனமும் வாய்ஸ் போச்சு. ஏழாவது கணவாய் முழுக்க நங்கையோட கதைதான். அந்தக் கம்பெனிக்காரன் ஆண்டியோட பொண்டாட்டிக்கு ஒரு பேருகூட வெக்கல. நங்கை கதையில அவ வாசல்ல நின்னு ரோட்டைப் பாப்பா. நல்ல நாளு வந்தா மறந்தாப்புல ரெண்டு பேருக்கு உலை வெச்சுட்டு அழுவா. அதையெல்லாம் கேட்டுட்டுப் போன் பண்ணுனா அண்ணன் ஒண்ணும் பேச மாட்டாராம். பின்னால ரிக்கு ஓடற சத்தம் மட்டும் கேக்குமாம். அந்தச் சத்தமே போதும் அம்மிணின்னு நங்கை சொல்லும். என் ஊட்டுக்காரரு தெனமும் ஊட்டுலதான் இருக்காரு, நாங்க அப்படி ஒரு பேச்சுப் பேசுனதில்ல. பொறாமையாக்கூட இருந்துச்சு, இருந்தா என்னங்க?

ரெண்டு வருசம் முடியற சமயம் வந்துச்சு. நங்கை ஊட்டுக்கு வெள்ளையடிச்சுது, புது மெத்தை வாங்கிப் போட்டுச்சு. கதையில ஆண்டியும் ஊரு எல்லைக்கு வந்துட்டான். அண்ணன் கோயமுத்தூர்ல வந்து எறங்கற அன்னைக்கு ஆண்டி ஊட்டுக்குள்ள காலு வெக்கணும்னு அதுக்கு ஆசை. அதனால அவனைத் தெனமும் கொஞ்சங் கொஞ்சமா நடக்க வெச்சுட்டு இருந்துச்சு.

அப்பத்தான் அந்தக் கெரகம் புடிச்ச போன் வந்துச்சு. மொதலாளி அங்கயே இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலை எடுத்துட்டாராம். வண்டியை ஒப்படைக்க வேற டிரில்லரு இல்லியாம். கையைப் புடிச்சுக் கேட்டாராம், அண்ணனும் சரின்னுட்டாராம். யாரு கேட்டாலும் மாட்டேன்னு சொல்லத் தெரியாத மனுசன். பொண்டாட்டி வாயைத் தொறந்து ஒண்ணுமே கேட்டதில்ல, அதனால அவளுக்கு மட்டும் ஒண்ணும் கெடைக்கல. நங்கை, சரிங்கன்னு சொல்லிட்டு வெச்சிருச்சு.

அன்னைக்கே ஒரு வாய்ஸ் போட்டுச்சு, இத்தனூண்டுதான். ஆண்டி ஊட்டுக்கு வந்தான், வேலாயுதத்தைக் கோயில்ல சேர்த்தான், பொண்டாட்டி சொம்புல தண்ணி குடுத்தா, குடிச்சான், கதை முடிஞ்சுதுங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அண்ணன் கூப்பிட்டா எடுக்கவே இல்ல.

கடைசியில அவரு எனக்குப் போன் பண்ணுனாரு. நாங்க ரெண்டு பேரும் முட்டை அடுக்கிட்டு இருந்தோம். சாரதா எங்க, ஏன் கதை அனுப்பறதில்லைன்னு கேட்டாரு. எனக்கு உச்சிக்கு ஏறிருச்சு. நங்கையும் கேக்கட்டும்னு வேணும்னே ஸ்பீக்கர்ல போட்டேன்.

"ஏனுங்ண்ணா, ஆண்டியே வந்து சேர்ந்துட்டான். நீங்க எப்பங்ண்ணா வருவீங்க?"

போன்ல மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. ஐம்பதைத் தொடற மனுசன், எங்கப்பா செத்தப்பக்கூட அழாதவரு.

"நான் இங்க பொழுதைத் தள்ளுனதே அதைக் கேட்டுத்தான் அம்மிணி. முடிஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லு"ன்னாரு.

நங்கை கையில இருந்த அட்டையைக் கீழ வெச்சுட்டுப் போனை வாங்குச்சு. கொஞ்ச நாளைக்குத் தவிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு எனக்கு இருந்துச்சு. கண்ணைக் காட்டிக்கூடப் பார்த்தேன். நங்கை என்னையப் பாக்கவே இல்ல. திட்டல, அழல. தலைத்துண்டை இழுத்து உட்டுக்கிட்டு, தொண்டையைச் செருமுச்சு.

"ஏனுங்க, கேளுங்க. அவன் தண்ணியைக் குடிச்சுட்டுச் சொம்பைக் கீழ வெச்சானுங்களா? அப்பத்தான் அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. எட்டாவதா ஒரு கணவாய் இருக்குதுங்க."