ஃப்ளோரா சொன்ன விலை

ராயபுரத்து ரயில்வே ஃபிட்டர் லியோனார்டுக்கு வேலை விட்டு வந்ததும் மரத்தில் சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் செய்வதுதான் ஆசை. மளிகைக்கடை ராசையா சொல்லிச் செய்த கப்பலுக்கு மூன்று மாதம் பிடித்தது. எடுத்துப்போக வந்தவரிடம், “மரம், பெயிண்டு செலவு நாப்பது ரூபா குடுங்க, போதும்” என்றான் லியோனார்ட்.

அடுப்படியிலிருந்த அவன் மனைவி ஃப்ளோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து புருஷனை முறைத்தாள்.

“கண்ணு எரிய ஒக்காந்து இழைச்சியே, அதுக்கு கூலி இல்லியா? அண்ணாச்சி, எரநூறு குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க!”

“பொழுதுபோக்குக்குச் செய்யிறதுதானம்மா?” ராசையா சிரித்தார்.

“பொழுது போனது இவுருக்கு. கப்பல் போறது உங்க வூட்டுக்கு!”

கப்பலைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டாள். ராசையா முணுமுணுத்துக்கொண்டே போனார். லியோனார்ட் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அடுத்து ஒருவர் கப்பல் கேட்டு வந்தபோது மட்டும், “வெலைய எங்க வூட்ல கேளுங்க” என்றான்.