முந்நூறு ஊர்களின் நோட்டு

நீல அட்டை போட்ட அந்த நீள நோட்டு இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அட்டையின் மேல் டீ தம்ளர் வைத்த வட்டம் காய்ந்துபோயிருக்கிறது. உள்ளே பக்கத்துக்கு ஓர் ஊர். ஆரணி, போளூர், செய்யாறு, குடியாத்தம் என்று தமிழ் ஊர்கள் எல்லாம் தெலுங்கு எழுத்தில் இருக்கும். எழுதியவர் சித்தூர் எல்லையோரக் கிராமத்துத் தமிழர். படித்தது தெலுங்குப் பள்ளியில், அதுவும் ஐந்தாவது வரைதான். அவர் நைனா என்று கூப்பிடும் அப்பா ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். இவர் அங்கிருந்து கிளம்பி வந்து, திருப்பதி ரயிலடிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அறைகள் உள்ள ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். எனக்கு அவர் லாட்ஜ் அண்ணன். இந்த நோட்டைத் திருப்பிக் கேட்க அவர் வரவே இல்லை.

அப்போது நான் இணையதளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையில் இருந்தேன். அலுவலகம் என்றால் திருப்பதியிலேயே ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, நான்கு கம்ப்யூட்டர், சென்னையில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்த நான். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வேறு. லாட்ஜ் அண்ணன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரோ போட்டுக்கொடுத்த இணையதளம் ஒன்று அவருக்கு இருந்தது. திருப்பதியில் அறை என்று தேடினால் பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தாலும் அது வரவில்லை.

"நம்ம லாட்ஜு போன்ல வரமாட்டேங்குது பாப்பா. வராதது இல்லாததுன்னு நெனச்சுக்கினு ஜனம் வேற எடம் பூடுது" என்றார்.

அதுவரை அவர் ஆள் பிடித்த விதம் வேறு. காலையில் காட்பாடிப் பக்கத்திலிருந்து ரயில் வரும்போது ஸ்டேஷன் வாசலில் நிற்பார். மஞ்சள் துணியோடு கூட்டமாக இறங்குகிறவர்களிடம் எந்த ஊர் என்று மட்டும் கேட்பார். ஊரைச் சொன்னதும் நோட்டைப் புரட்டி, போன வருடம் எந்த அறையில் தங்கினார்கள், என்ன கேட்டார்கள் என்று அவரே சொல்லுவார். வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள், பிறகு பின்னாலேயே நடப்பார்கள். அவர் இதை விவரித்தபோது நான் சிரித்தது வேறு மாதிரிச் சிரிப்பு. இனி ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டாம் அண்ணா, ஊர் ஊராக நான் போனில் பிடித்துத் தருகிறேன் என்றேன்.

நோட்டைப் பார்த்ததும்தான் அந்த யோசனை வந்தது. இணையதளத்தில் ஊருக்கு ஒரு பக்கம் போடுவது. ஆரணியிலிருந்து வருவோருக்குத் திருப்பதியில் அறை, போளூரிலிருந்து வருவோருக்குத் திருப்பதியில் அறை என்று முந்நூறு ஊருக்கும். நான்கு நாள் என் எதிரே உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை அவர் படித்தார், நான் அடித்தேன். பெயருக்குக் கீழே எழுதியிருந்த குறிப்புகளையும் அவர் படிக்கத் தொடங்கியபோது, அதெல்லாம் தேவையில்லை, ஊர் மட்டும் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினேன். எழுதியது ஒரே ஒரு பக்கம்தான். மற்றதில் எல்லாம் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். இப்படிச் செய்யக்கூடாது, தேடுபொறி கண்டுபிடித்தால் மொத்தத்தையும் தூக்கிவிடும் என்று படிக்கும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஊரே செய்கிறது, நம்மையா பிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டே மாதத்தில் லாட்ஜ் முதல் பக்கத்துக்கு வந்தது. லாட்ஜ் அண்ணன் எங்கள் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார். இனி தேவையில்லை என்று நோட்டை என் மேசையிலேயே விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்தினார். வாசலில் அவர் நிற்கும் இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் தேடினால் எதுவுமே இல்லை. முந்நூறு பக்கமும் போய், அவற்றோடு லாட்ஜின் சொந்தப் பக்கமும் போயிருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன், தவறு நடந்துவிட்டது என்று தேடுபொறிக்காரர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதிப் போட்டேன். மாதங்கள்தான் போயின.

அவர் தினமும் வந்து என் எதிரே உட்கார்வார். போனில் லாட்ஜ் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, கட்டைவிரலால் கீழே தள்ளிக்கொண்டே போவார்.

"நம்ம பேரு எங்கியுமே இல்லியே பாப்பா. நானு இங்கதான கீறேன்?"

கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும் என்றேன். வராது என்று எனக்குத் தெரியும். அவர் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பார்த்தார். அதற்குள் ஜனங்கள் வீட்டிலிருந்தே போனில் அறை எடுத்துக்கொண்டு வரத் தொடங்கியிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டால் புரோக்கர் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஒரு புரட்டாசி முழுவதும் அறைகள் காலியாகக் கிடந்தன. கட்டடத்துக்காரர் குத்தகையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்; புதிதாக வந்தவர் லாட்ஜின் பெயரையே மாற்றிவிட்டார். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குப் போவதாகச் சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்கியும் கேட்டாண்ட நிக்கற வேலதான் பாப்பா. நமக்குப் பழக்கந்தான" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது பேசி ஆறியிருப்பேன்.

அவர் போன பிறகுதான் அந்தத் தெலுங்கு எழுத்தைக் கூட்டிக் கூட்டி நோட்டை முழுதாகப் படித்தேன். போளூர்க்காரர்களில் ஒருவருக்கு முட்டி வலி, கீழ் அறை. செய்யாற்றுக் கூட்டம் சொந்தமாகச் சமைக்கும், பின்கட்டு வேண்டும். குடியாத்தத்துக்காரர்களுக்குக் கைக்குழந்தை, மொட்டை அடித்துவிட்டு வந்ததும் வெந்நீர். முந்நூறு ஊரில் ஓர் ஊர்போல இன்னோர் ஊர் இல்லை. ஒவ்வொரு பக்கமும் வேறாக இருக்க வேண்டும், வேறு யாரும் சொல்லாததைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் தேடுபொறி மதிக்கும் என்று இன்று நான் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அவர் வாயைத் திறந்து படிக்க வந்ததை வேண்டாம் என்று அடக்கியவள் நான்.

நேற்று நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது, என்ன தோன்றியதோ, லாட்ஜின் பெயரைப் போட்டுத் தேடினேன். எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக வந்தது. பழைய வாசலின் படம். கதவோரமாகப் பாதி உடம்பு தெரிய லாட்ஜ் அண்ணன் நிற்கிறார். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், நிரந்தரமாக மூடப்பட்டது என்று இருக்கிறது.

அவருடைய எண் இன்னும் என் போனில் இருக்கிறது. முதலில் வந்துவிட்டோம் அண்ணா என்று எந்த வாயால் சொல்வேன்? நோட்டை இழுப்பறையில் வைத்து மூடினேன்.