இரண்டு அமைப்புகளுக்கு நடுவில் யசோதரா

அன்று காலை ரயில் ஊரிகத்தில் வந்து நின்று நான் ஏறியபோது, எங்கள் பெட்டியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ரயில் புறப்படும் மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. வேலு அண்ணன் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து, "குந்தும்மா ஸ்டெல்லா" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "யசோ போயிடுச்சிம்மா. விடியக்காலைல. அதோட தம்பி வந்து சொல்லிட்டுப் போனான்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்த் திசையில் யசோ வீட்டுக்கு நடந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விகாரையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தீர்கள். எழுந்தேன், பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் குரல் அடைத்துவிட்டது என்று பலர் நினைத்தீர்கள். எனக்கு அன்று இருந்தது கோபம். புத்தர் சிலைக்கு முன்னால் அந்தக் கோபத்தைக் கொட்ட மனம் வரவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இங்கே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் யசோ அக்கா. பல வருடம் ஒரே ரயிலில் அவளோடு வேலைக்குப் போய்வந்த எனக்கு அவள் யசோ, அப்படியே எழுதுகிறேன். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகள், பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் இணையப் பக்கங்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. இவ்வளவுதான் கூட்டத்தில் சொல்லப்பட்டது. அவள் வாழ்வின் கடைசி ஆண்டுகளை விழுங்கியது வேறொரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. அதைப் பற்றி அன்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் பேசியவர்களில் யாருக்கும் அது தெரியாது.

அது தொடங்கியது நம் ஊரில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில். பெயர் வேண்டாம். யசோவின் சின்னம்மா கோவிந்தம்மாவுக்குக் காய்ச்சல். யசோதான் அழைத்துப் போனாள். அதற்கு முன்பு ஒருமுறை அதே இடத்தில் ஓர் ஊசி போட்டுச் சின்னம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதால், அந்த மருந்தைப் போடக் கூடாது என்று பதிவில் எழுதி வைத்திருந்தார்கள். நர்ஸ் கையிலிருந்த போனில் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

"பேரே இல்லையேம்மா. புதுசா போட்டுக்கறேன்."

"எனக்கு ஒரு ஊசி ஆவாதும்மா. பேர் தெரில. நீங்கதான் எழுதி வெச்சிகினீங்க" என்றார் சின்னம்மா.

"எழுதியிருந்தா இதுல வரும். ஒண்ணியும் வரல பாருங்க."

அதே ஊசியைப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் சின்னம்மாவின் முகம் வீங்கியது, தொண்டை அடைத்தது. டாக்டர் ஓடி வந்ததால் பிழைத்தார். சின்னம்மா கண் திறந்த பிறகு யசோ நேராகப் பதிவு செய்யும் மேஜைக்குப் போனாள். அங்கிருந்தவர், "பேரை சரியா சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார். யசோ அவரைப் பார்த்த பார்வையை என்னால் ஊகிக்க முடிகிறது. "கோவிந்தம்மான்ற பேரை எத்தினி விதமாங்க சொல்லுவாங்க? எந்திரிங்க, நான் பாக்கறேன்" என்றிருக்கிறாள்.

பதிவு அங்கேயே இருந்தது. பழைய மென்பொருளிலிருந்து மாற்றி ஏற்றப்பட்ட பதிவு. அதில் இருந்த 'கோ'வும் நர்ஸ் போனில் தட்டிய 'கோ'வும் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே துண்டாக இருந்தது. மற்றதில் முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலும் இரண்டு துண்டுகளாக இருந்தன. தேடும் பக்கம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இப்படி ஒரு பெண்மணியே இல்லை என்று சொல்லிவிட்டது. மறுநாள் ரயிலில் இதை எனக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். "என் பேர்லயும் ஒரு 'சோ' இருக்குது ஸ்டெல்லா. நம்ம ஊர் பேர்லயே ஒரு 'கோ' இருக்குது" என்றாள்.

அந்த மருத்துவமனையின் தேடலை ஒரே மதியத்தில் அவளே சரிசெய்து கொடுத்தாள். தேடுவதற்கு முன் இரண்டு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். வேறு யாராவது அத்தோடு விட்டிருப்பார்கள். அவள் விடவில்லை. "நான் ஒரு இடத்துல சரி பண்ணேன். எல்லா ஆஸ்பத்திரிக்கும் நான் போவ முடியுமா? விதி எழுதறவங்க எழுதணும்."

விதி எழுதுகிறவர்கள் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. இணையம் முழுவதற்கும் ஒரே ஓர் அமைப்பு விதி எழுதுவதில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுப்பது ஓர் அமைப்பு. இணையப் பக்கம் எப்படித் தோன்ற வேண்டும், அதில் நாம் தட்டுவதை எப்படி வாங்க வேண்டும் என்று எழுதுவது இன்னொன்று. பக்கத்துக்குள் ஓடும் நிரலின் மொழியைக் கவனிப்பது மூன்றாவது. ஒன்று எழுதும் விதி மற்றதை இடிக்கக் கூடாது என்பதற்காகத் தொடர்பாளர்கள் உண்டு, கூட்டுக் கூட்டங்கள் உண்டு, கடிதப் போக்குவரத்து உண்டு. எல்லாம் முறைப்படி உண்டு.

யசோ மூன்று அமைப்புகளுக்கும் எழுதினாள். ஆங்கிலத்தில் பிழை இருந்தால் நான் திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்தின் நகலும் எனக்கு வரும்படி வைத்திருந்தாள். நான் ஒரு நிறுவனத்தில் இயந்திரக் கையேடுகள் எழுதுகிறவள். அவள் கடிதங்களில் நான் திருத்தியது எல்லாம் காற்புள்ளிகள்தான். எழுத்து அமைப்பு பதில் எழுதியது: இரண்டு வடிவங்களும் ஒன்றே என்று எங்கள் விதியில் தெளிவாக உள்ளது, பக்கத்தில் தேடுவது எங்கள் எல்லைக்குள் வராது. பக்க அமைப்பு பதில் எழுதியது: நாங்கள் வருவதை வந்தபடியே ஒப்பிடுகிறோம், எழுத்துகளைப் பற்றிய கேள்வி எழுத்து அமைப்புக்குரியது. நிரல்மொழிக் குழு எழுதியது: வடிவத்தை மாற்றும் கருவி எங்கள் மொழியில் இருக்கிறது, அதை யார், எப்போது பயன்படுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. மூன்றுமே மரியாதையான கடிதங்கள். மூன்றுமே சரியான கடிதங்கள். அவற்றைப் படித்துவிட்டு, "மூணு பேருமே சரி. எங்க சின்னம்மா மட்டும்தான் தப்பு போல இருக்குது" என்றாள் யசோ.

அவள் கேட்டது இரண்டே விஷயங்கள். பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருக என்று பக்க அமைப்பின் ஆவணத்தில் ஒரு வாக்கியம். எழுத்து அமைப்பின் ஆவணத்தில் அந்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு குறிப்பு. பக்கம் செய்கிறவன் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாலும் அது அவன் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்த இரண்டு வரிகளுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தாள்.

அந்தக் கூட்டுக் கூட்டத்தை எங்கள் பெட்டியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரிலிருந்து திரும்பும் மாலை ரயில். உட்கார இடமில்லை. யசோ கதவருகே நின்று, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் கூட்டத்தில் இருந்தாள். பங்காருபேட்டைக்கு முன்னால் அவள் கோரிக்கை எடுக்கப்பட்டது. எழுத்து அமைப்பின் தொடர்பாளர், பக்க அமைப்பின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம் என்றார். தலைவர் பக்க அமைப்பின் தொடர்பாளரை அழைத்தார். அதே குரல் மறுபடியும் பேசியது: எழுத்து அமைப்பின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். இரண்டு அமைப்புகளும் ஒரே மனிதரைத்தான் தொடர்பாளராக வைத்திருந்தன. யசோ ஆங்கிலத்தில், பெட்டி முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "ஐயா, நீங்கள் காத்திருப்பது உங்களுக்காகவா?"

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்களாம். நேரமின்மையால் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

"இன்னாச்சி யசோ?" என்றார் வேலு அண்ணன்.

"ஒரே ஆளுண்ணா. ரெண்டு நாற்காலி. இந்த நாற்காலில குந்திகினு அந்த நாற்காலிக்குக் காயிதம் எழுதறாரு. பதில் வரலன்னு சொல்றாரு."

பெட்டி சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த மனிதரைக் குறை சொல்லக்கூட மாட்டாள். "அவரும் இன்னா பண்ணுவாரு பாவம், அவருக்கும் இது ஓசி வேலதானே" என்பாள். அந்தப் பெரிய மனசு எனக்கு இல்லை. இரண்டு நாற்காலியிலும் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, ஒத்துழைக்கிறோம் என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்கிறவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

அவள் வேலை பார்த்த நிறுவனத்தையும்தான். ஒரு முறை அந்தக் கூட்டம் பெங்களூரிலேயே நடந்தது. நேரில் போக இரண்டு நாள் விடுப்பு கேட்டாள். மேலாளர், "இது எந்த கஸ்டமர் கேட்ட வேலை?" என்றார். விடுப்பு கிடைக்கவில்லை. பிறகு, அவள் எழுதிய சோதனைப் பக்கங்களைப் பார்த்து, பக்க அமைப்பு அந்த ஒரு வாக்கியத்தைத் தன் ஆவணத்தில் ஏற்றுக்கொண்டது. ஆவணத்தின் கடைசியில் நன்றிப் பட்டியல். அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. யசோவின் பெயர் இல்லை. உறுப்பினராக உள்ள நிறுவனங்களைத்தான் குறிப்பிடுவது வழக்கமாம். அதே வாரம் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பெருமையாக ஒரு செய்தி. கோட் அணிந்த இரண்டு பேர் கைகுலுக்கும் படம். அவர்களில் ஒருவருக்குக்கூட 'கோ' எழுதத் தெரியாது.

நான் கொதித்தேன். "எழுது, கேளு, சண்ட போடு" என்றேன். அதற்குள் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. "பேருக்கு சண்ட போட எனக்கு டைம் இல்ல ஸ்டெல்லா. இன்னொரு வரி பாக்கி இருக்குது" என்றாள்.

சிகிச்சை நாட்களில் பெங்களூர் மருத்துவமனையில் அவளோடு இருந்திருக்கிறேன். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும், மடியில் மடிக்கணினி. "படுடி" என்றால், "படுத்துகினுதான் அடிக்கிறேன்" என்பாள். தலைமுடி போன பிறகு நீலத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு கூட்டங்களில் கலந்துகொண்டாள். கேமராவை அணைத்து வைக்கச் சொன்னேன். "பாக்கட்டும். எவ்ளோ நாளா இத்த இழுத்துகினு இருக்காங்கன்னு பாக்கட்டும்" என்றாள்.

அவள் இறந்த அன்றே அவள் தம்பி பக்க அமைப்புக்குத் தெரிவித்தான். இரண்டு நாளில் இரங்கல் கடிதம் வந்தது. அருமையான சொற்கள், ஆனால் அவள் செய்த வேலை என்ன என்று அதில் இல்லை; விகாரையில் படித்துக் காட்டினார்களே, அதுதான். அதே வாரத்தில் எழுத்து அமைப்பிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நகல் எனக்கு வந்ததால் நான் மட்டுமே படித்தேன். அதில் எழுதியிருந்தது இது: பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று உறுதிப்படுத்தும்படி கேட்டிருந்தோம். முன்வைத்தவரிடமிருந்து பதில் வராததால் இந்தக் கோரிக்கை மூடப்படுகிறது.

ஓர் அமைப்பு அவள் சாவுக்கு வருந்துகிறது. இன்னோர் அமைப்பு, செத்துப்போனவள் பதில் எழுதவில்லை என்று கதவைச் சாத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் அந்த ஒரே தொடர்பாளர். நான் கூட்டத்தில் எழுந்து, பேசாமல் உட்கார்ந்தபோது இந்தக் கடிதம்தான் என் பையில் இருந்தது.

அன்று மதியமே ஊரிகத்தில் என் வீட்டுக்குக் கோவிந்தம்மா சின்னம்மாவை அழைத்து வந்தேன். அவர் பெயர் பதிவாகியிருந்த, பெயரால் தேடக்கூடிய ஒரு பொதுப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெயரை இரண்டு வடிவத்திலும் தட்டினேன். ஒன்றில் இருந்தார். மற்றதில் இல்லை. "நான் இங்கதானே குந்தினு இருக்கேன்" என்றார் சின்னம்மா. இரண்டு திரைகளையும் படமெடுத்து எழுத்து அமைப்புக்கு அனுப்பினேன். முன்வைத்தவர் இறந்துவிட்டார், பிரச்சினை உயிரோடு இருக்கிறது என்று எழுதினேன். வழக்கமான பதில் உடனே வந்தது: இது எங்கள் எல்லைக்குள் வருமா என்று பார்க்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரே வரி எழுதினேன்: உங்களுடையது இல்லையென்றால் யாருடையது? ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள்.

நேற்று பதில் வந்தது. எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண், அந்த அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவராம். கோரிக்கையைத் திறந்துவிட்டேன், இனி இது என் பொறுப்பு, குறிப்பைச் சேர்க்கிறேன் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டிருந்தார். சேர்த்தும்விட்டார். பார்த்தேன். ஒன்றரை வரி.

ரயிலில் வேலு அண்ணனிடம் காட்டினேன். "இவ்ளோதானாம்மா?" என்று கேட்டார். இவ்வளவுதான். இதை எழுத ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். யசோவுக்கு ஆண்டுகள் ஆயின, அப்படியும் அவள் கண்ணால் பார்க்கவில்லை.

அவள் தம்பி, நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மடிக்கணினியையும் புத்தகங்களையும் காட்டினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு நன்றி எழுதினேன். நன்றிப் பட்டியலில் யசோதரா என்ற பெயர் வர வேண்டும் என்று இன்று காலை பக்க அமைப்புக்கும் எழுதினேன். பெயருக்குச் சண்டை போட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. எனக்கு இருக்கிறது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தச் சண்டையைத்தான். அவள் மன்னித்தவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.